கூடக் கொஞ்சம் காத்து

"அடப்பாவிகளா, காத்தைக் குறைச்சுட்டாய்ங்க!"

அழகுபாண்டி போட்ட சத்தத்தில் ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள்.

உள்ளே வென்டிலேட்டரில் கிடப்பது அவன் தங்கச்சி முனீஸ்வரி. நிமோனியா, இன்றோடு நாலு நாள். காலையில் ஆக்சிஜன் நம்பர் தொண்ணூற்றேழு. இப்போது தொண்ணூறு.

டாக்டர் நுஸைபா வெளியே வந்தார்.

"நான்தான்ணே குறைச்சேன். நுரையீரல் வீங்கி இறுகிப்போய் இருக்கு. நம்பர் ஏறணும்னு அழுத்தத்தைக் கூட்டினா நுரையீரல்ல ஓட்டை விழுந்துரும். தொண்ணூறு போதும்."

"பக்கத்து பெட்டுக்குத் தொண்ணூத்தெட்டு காட்டுது! எங்களுக்கு மட்டும் தொண்ணூறு போதுமா? காப்பீட்டு அட்டைல வந்தவய்ங்கன்னா இளக்காரமா?"

"அவர் தலையில அடிபட்டு வந்தவர்ணே. அவருக்கு நுரையீரல் நல்லாருக்கு."

அழகுபாண்டி காதில் எதுவும் ஏறவில்லை. கப்பலூருக்கு லோடு அடிக்கிற குட்டியானை வண்டிக்காரன். நினைத்ததை நினைத்த நேரத்தில் செய்து பழக்கம். வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸுக்கே சொல்லிவிட்டான். முனீஸ்வரி புருஷன் தவசியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"இந்த நிலையில நகர்த்துறதே ஆபத்து. அங்க அழுத்தத்தைக் கூட்டிட்டா அதைவிட ஆபத்து" என்றார் டாக்டர்.

தவசிக்குக் காளவாசலில் பஞ்சர் கடை. நீட்டிய பேனாவை அவன் வாங்கவே இல்லை.

"அழுத்தம் எம்புட்டுன்னு அந்த மெஷின்ல தெரியுமா டாக்டரம்மா?"

"தெரியும். முப்பதைத் தாண்ட விடக்கூடாது. இப்ப இருபத்தெட்டு."

"அப்ப இங்கேயே இருக்கட்டும்."

அழகுபாண்டிக்கு வந்ததே கோபம்! "டயருக்குக் காத்தடிக்கிற பயலுக்கு டாக்டர் படிப்பு தெரியுமாக்கும்! பொண்டாட்டி மேல பாசம் இருக்கிறவன் பண்ற காரியமாடா இது? என் தங்கச்சிக்கு ஏதாச்சும் ஆகட்டும், அப்புறம் இருக்கு உனக்கு!"

சொந்தபந்தமெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு வாய் காபி வாங்கிக் கொடுக்க ஆளில்லை. அஞ்சு நாள் தவசி அந்த வாசலிலேயே கிடந்தான். கதவு திறக்கும்போதெல்லாம் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஆறாம் நாள் காலையில் குழாயை எடுத்துவிட்டார்கள். முனீஸ்வரி புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். தொண்டை கம்மியிருந்தது.

"என்னய்யா இது, தாடியும் கோலமும்? சாப்பிட்டியா இல்லையா?"

தவசி அழுதேவிட்டான். பின்னால் நின்ற அழகுபாண்டியும்தான்.

டீக்கடையில் அழகுபாண்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தப்புதான் மாப்ள. வாய்க்கு வந்ததைப் பேசிப்புட்டேன். எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான்யா. என் வண்டியையே பாரேன், இந்த வெயில்லயும் லோடுலயும் ஆறு வருஷமா ஒரு டயர் வெடிச்சிருக்குமா? வாராவாரம் உங்கிட்ட மல்லுக்கட்டி, பத்து பாயிண்ட் கூட அடிச்சுக்கிட்டுப் போறேன்ல. காத்து கூட இருந்தா நல்லதுன்னுதானே நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்!"

இத்தனை நாளாகச் சிரிக்காத தவசி இப்போதுதான் சிரித்தான்.

"கேக்குறப்பெல்லாம் 'போட்டாச்சு மச்சான்'னு சொல்லுவேன். ஆறு வருஷத்துல ஒரு தடவைகூடப் போட்டதில்ல."