நாலு சீட்டு விழுந்த புரதம்

மனித குலத்தின் போக்கையே மாற்றப்போகும் அறிவிப்பு ஒன்று, காலை பதினொன்றரை மணிக்கு எங்கள் ஆய்வகத்தின் கூட்ட அறையில் வெளியாகும் என்று மூன்று நாளாக மின்னஞ்சல் வந்துகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். துறைத்தலைவருக்கு அறுபது வயது முடிகிறது.

அறுபது முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டும். அது எங்கள் ஆய்வகத்துச் சட்டம்.

அவரை நாங்கள் சக்கரவர்த்தி என்றுதான் சொல்வோம், அவர் காதுக்கு எட்டாத தூரத்தில். அடுத்த தலைவர் நான்தான் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எல்லோரும் என்றால் என் மனைவி. ஜன்னல் வைத்த அவர் அறையில் மேஜையை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்பதுவரை பேசி முடித்தாகிவிட்டது.

சக்கரவர்த்தி பிரியாவிடை உரையை ஆரம்பித்தார். வாழ்நாள் முழுக்கப் பேசிய அதே புரதம்தான்.

செல் இரண்டாகப் பிரியும் வேலையைத் தொடங்கிவைப்பது அந்தப் புரதம். தொடங்கிவைத்தால் போதாது, காரியம் ஆனதும் அது ஒழியவும் வேண்டும். அதற்காகச் செல் அதன் முதுகில் சின்னச் சின்னச் சீட்டாக ஒட்டும். ஒரு சீட்டென்றால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். நாலு சீட்டு சங்கிலியாகத் தொங்கினால், பீப்பாய் மாதிரி இருக்கும் அரவை மில்லுக்குள் இழுத்துப் போட்டுப் பொடியாக்கிவிடும்.

"அது ஒழியலைன்னா செல்லு பாதியிலயே நின்னுபோயிடும். வளர்ச்சி கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. வேலை முடிஞ்சா இடத்தைக் காலி பண்ணணும், அதான் மரியாதை!" என்று மேஜையைத் தட்டினார்.

முதலில் கைதட்டியவன் நான். கடைசியாக நிறுத்தியவனும் நான்.

பின்வரிசையிலிருந்து யாரோ என் தோளைச் சுரண்டினார்கள். மைக்ராஸ்கோப் பிரிவுப் பெண். பதினோரு வருஷமாக உதவி விஞ்ஞானி, பதவி உயர்வு வருகிற வழியாகக் காணோம்.

"சார், கொஞ்சம் நகந்து உக்காருங்களேன். நீங்க மறைக்கிறதுல எனக்கு ஒண்ணுமே தெரியல."

எங்கே நகர்வது? நான் பூங்கொத்தை எடுத்துக்கொண்டு மேடைக்குக் கிளம்பிவிட்டேன்.

நூலகர் ஒன்று கொடுத்தார். காவலாளி ஒன்று. எலிக்கூண்டுப் பராமரிப்பாளர் ஒன்று. நாலாவது என்னுடையது. ஆள் காலி என்று மனசுக்குள் மணியடித்தது.

சக்கரவர்த்தி நாலையும் அணைத்துக்கொண்டு, செல்லுக்குள் ஒட்டிய சீட்டைக் கிழித்துப் போடுவதற்கென்றே சில பேர் உண்டு என்று சிரித்தார். முன்வரிசையில் இருந்த நிர்வாகக் குழுத் தலைவர் எழுந்தார். சக்கரவர்த்திக்கு அவர் மச்சான். கையில் இரண்டு வருஷப் பணி நீட்டிப்பு உத்தரவு.

எனக்கு வந்த கோபத்தில் நாற்காலியில் உட்கார மனமில்லை. அறுபதைத் தாண்டியும் இடத்தைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வருகிறவர்களின் வழியை மறிக்க ஒரு மனுஷனுக்கு எவ்வளவு தடித்த தோல் வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் குமுறினேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அறுபது முடிந்து பிரியாவிடை விழா நடந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால்; இப்போது ஓடுவது இரண்டாவது நீட்டிப்பு.