ஐந்து நிமிட அலட்சியம்

சாப்பாட்டு மேசையில் மறுபடியும் காபி கொட்டியிருந்தது. கோப்பைக்கு இடப்பக்கம் குட்டையாகத் தேங்கி, அவருடைய நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தையும் நனைத்திருந்தது. பார்க்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"கண்ணை எங்க வெச்சுக்கிட்டு ஊத்துற?"

"கோப்பைக்குள்ளதாங்க ஊத்தினேன்" என்று மனைவி துணியோடு வந்து துடைத்தாள். அவள் போன பிறகும் பாதி ஈரம் அப்படியே கிடந்தது.

முகத்தைச் சுளித்தவர், சட்டென்று பேனாவைத் திறந்தார்.

மாலையில் அலுவலகத்தில் பேச்சுப் போட்டி. மூன்று வருடமாக இரண்டாம் பரிசோடு திரும்பிக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவை முதல் பரிசு வாங்குகிறவருக்குத்தான் பயிற்சிப் பிரிவின் தலைமைப் பொறுப்பு என்று மேலதிகாரி சொல்லியிருந்தார்.

அன்றாட வாழ்க்கையில் கண்ணால் கண்டதைத்தான் பேச வேண்டும் என்பது விதி. அதற்காக ஒரு வாரமாகப் பேருந்து நிறுத்தம், சந்தை, சலூன் என்று நாயாய் அலைந்திருந்தார். வீட்டுக்குள்ளேயே வண்டி வண்டியாகக் கிடக்கிறதே!

'அலட்சியம்' என்று எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார்.

கூடத்தைப் பெருக்கியிருந்தாள். இடது மூலையில் மட்டும் நேற்றைய குப்பையும் ஒரு தலைமுடிச் சுருளும் கிடந்தன. கழுவிக் கவிழ்த்த தட்டில் ஒரு பாதி பளிச்சென்று இருந்தது, மறுபாதியில் எண்ணெய்ப் பிசுக்கு விரலில் ஒட்டியது. சீ என்று விரலை உதறிவிட்டு அதையும் குறித்துக்கொண்டார்.

"முன்னல்லாம் வீடு எப்படி இருக்கும்? ரெண்டு மாசமா என்னதான் வந்துச்சு உனக்கு?"

"தலைவலி விடவே மாட்டேங்குதுங்க."

"வேலைன்னா எல்லாருக்கும்தான் தலைவலி வரும்." சொன்ன பிறகு, வசனம் நன்றாக இருக்கிறதே என்று தோன்றியது. அதையும் எழுதிக்கொண்டார்.

மாலையில், எதிர்பார்த்தது போலவே அந்த வசனத்துக்குத்தான் அரங்கம் அதிகமாகச் சிரித்தது. காபி, மூலைக் குப்பை, அரைத் தட்டு என்று ஒன்றையும் விடாமல் ஐந்து நிமிடம் வெளுத்து வாங்கினார். மூன்றாவது வரிசையில் அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

சிரிக்காதவர் ஒருவர்தான். நடுவராக வந்திருந்த டாக்டரம்மா மதிப்பெண் போடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனாலும் முதல் பரிசு அவருக்குத்தான். பரிசுக் கோப்பையும் கையுமாக வெளியே வந்து நின்றவரிடம் டாக்டரம்மா வந்தார்.

"நீங்க பேசினது உங்க மனைவியைப் பத்தியா? அவங்களைப் பார்க்கணுமே."

அந்த நேரம் பார்த்து அவளும் வந்தாள். வந்தவள் இடது தோளைக் கதவு நிலையில் நன்றாக இடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா டாக்டர்? என் பேச்சே நடந்து வருது" என்றார் வெறுப்போடு.

டாக்டரம்மா அவரைத் தாண்டிப் போனார். அவளைக் கைப்பிடித்து ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, எதிரில் உட்கார்ந்தார்.

"என் மூக்கையே பாருங்கம்மா. தலையைத் திருப்பக் கூடாது." அவளுடைய இடப்பக்கமாகத் தன் ஒரு கையை நீட்டி இரண்டு விரல்களைக் காட்டினார். "இந்தக் கையில எத்தனை விரல்?"

கொட்டிய காபி, பெருக்காத மூலை, பாதித் தட்டு, இடித்த தோள் என்று ஒவ்வொன்றாக அவருக்கு ஞாபகம் வந்தது. எல்லாமே ஒரே பக்கம். கையிலிருந்த பரிசுக் கோப்பை பிசுபிசுத்தது. தன்னை நினைக்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

மனைவி டாக்டரம்மாவின் மூக்கைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எந்தக் கை டாக்டர்?"