ஒன்பது அங்குலம்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்குக்கு விரித்த கையில் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை ஒன்பது அங்குலம் வேண்டும், கல்லூரிக்காரர்கள் அளந்துதான் எடுப்பார்கள் என்று பள்ளிப் பயிற்சியாளர் சொன்ன நாளிலிருந்து, நிரஞ்சன் காலையில் எழுந்ததும் அப்பாவிடம் கையை நீட்டினான்.

"இழுங்கப்பா."

சம்பந்தம் விரல்களை இழுத்துவிட்டு மர ஸ்கேலில் அளப்பார். எட்டரைதான். அவருடைய கையும் எட்டரைதான். அவர் கொடுத்த கை. பையன் சோற்றைத் தொடவில்லை. ஒருநாள் சுண்டுவிரலைக் கதவிடுக்கில் கொடுத்துத் தானே இழுத்துக்கொண்டு அழுதான்.

மறுநாள் எட்டரைக்கு மேல் ஒரு நூல், அரைக்கால் அங்குலம், வந்தது. அடுத்த வாரம் இரண்டு நூல். பையன் சாப்பிட ஆரம்பித்தான். அவன் பள்ளிக்குப் போனதும் சம்பந்தம் வாசல் சிமெண்டுப் படியில் உட்கார்ந்து ஸ்கேலின் பூஜ்ய முனையைத் தேய்ப்பார், தூளை ஊதிவிடுவார். முனை தேயத் தேயக் கை வளர்ந்தது.

நாளை கல்லூரியிலிருந்து அளக்க வருகிறார்கள்.

"ஒம்பது வந்துடுச்சுடா!" என்றார் சம்பந்தம்.

நிரஞ்சன் ஸ்கேலிலிருந்து கையை எடுக்கவில்லை. மழுங்கிப்போன முனையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தான்.

"நாளைக்கு அவங்களும் இந்த ஸ்கேல்லதானேப்பா அளப்பாங்க?"