ஏரி ரகசியம்

"இனிமே ரகசியம் எதுவும் இல்ல கன்னையா. நீ ஏரியில டெஸ்ட் பண்ண படகு மோட்டார் கடைக்கே வந்துடுச்சு. தாராளமாப் பேசலாம்" என்றார் மேனேஜர். கம்பெனி ஆண்டு விழா வீடியோவுக்காக ரேணிகுண்டாவிலிருந்து கேமராக்காரரோடு கன்னையாவின் வீட்டுக்கு வந்திருந்தார்.

கன்னையா சிரித்தார்.

"பாத்தீங்களாம்மா? இன்னும் வாயே தொறக்கல. விசுவாசம்னா இதுதான்."

கன்னையாவின் மனைவி ரத்தினம்மா காபி டம்ளரை ணங்கென்று வைத்தாள். "ஆமா, பெரிய விசுவாசம். காட்டுக்குள்ள ஏரி, சுத்தி வேலி. அங்க இன்னா வேலைன்னு அப்போ பொண்டாட்டிகிட்டகூட மூச்சு வுடல."

"இப்பவாச்சும் பேசச் சொல்லுங்கம்மா."

அவள் கணவனின் தோளைத் தட்டி மேனேஜரைக் காட்டினாள். கன்னையா அவரையே பார்த்தபடி, கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தார்.

கேமராக்காரர் மிரண்டுவிட்டார். மேனேஜருக்கு அந்தச் சைகை தெரியும். மோட்டார் இரைச்சலில் பேச்சு எடுபடாததால், ஏரியில் எல்லோரும் சைகையில்தான் பேசிக்கொள்வார்கள். அதற்கு அர்த்தம், 'மோட்டாரை நிறுத்து'.

"இங்க ஏது மோட்டாரு?"

"அவரு காதுல ஓடிக்கினு கீதே, அதான். காதுக்கு மாட்ட எதுனா குடுங்கன்னு கேட்டதுக்கு, மோட்டாரு சத்தம் நல்லாக் கேக்கணும், வேணாம்னு சொன்னது நீங்கதானே? இப்ப நான் பக்கத்துல நின்னு கத்தினாலும் அவருக்குக் கேக்காது. அந்தச் சத்தம் மட்டும் ராவும் பகலும் கேட்டுக்கினே கீது. உங்களப் பாத்ததும் நிறுத்தச் சொல்றாரு. நிறுத்திட்டுப் போங்க சார்."