வண்டிக்கு மஞ்சள் பெயிண்ட்

"வேடிக்கை பார்த்தது போதும் பெரியவரே, இந்தப் பலகையை ஒரு கை பிடிங்க!"

கேம்பிங் வண்டியின் வாசலில் தயங்கி நின்ற ராய்ஸ், சோல்வெய்கின் அதட்டலுக்குப் பணிந்து உள்ளே வந்தார். அமெரிக்காவிலேயே இந்த மினசோட்டாக்காரர்களுக்குத்தான் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல வராது.

விடிந்தால் மீன்பிடி சீசன். அவள் கணவர் ஆர்லின் வாடகைக்கு வண்டி நிறுத்தும் இந்த யார்டில் வைத்திருக்கும் கேம்பிங் வண்டியை இழுத்துக்கொண்டு, முப்பது வருடமாகத் தனியாகத்தான் ஏரிக்குப் போகிறார். கேட்டால், "உள்ள ஒரே நாத்தம், நீ ஒரு ராத்திரிகூடத் தாங்கமாட்டே" என்பார். அவளும் ஒருநாள்கூட எட்டிப் பார்த்ததில்லை.

இந்த வருடம் அந்தச் சாக்கே இருக்கக்கூடாது என்று மாற்றுச் சாவியை நைசாக எடுத்து வந்து, மூன்று நாளாக வண்டிக்குள்ளேயே கிடக்கிறாள். சுவரெல்லாம் மஞ்சள் பெயிண்ட், தரைக்குப் புது விரிப்பு. பெஞ்சு மட்டும்தான் பாக்கி. சாயங்காலம் ஐந்து மணிக்கு வண்டியை எடுக்க ஆர்லின் வந்துவிடுவார். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"இங்க மெத்தை ஒண்ணு இருந்திருக்குமே?" ராய்ஸ் மெதுவாகக் கேட்டார்.

"இருந்துச்சு. எலி குடும்பம் நடத்திட்டிருந்துச்சு. குப்பைக்குப் போயாச்சு."

"திரைச்சீலையுமா?"

"அதுக்குப் பேரு திரைச்சீலையா? கரித்துணி தேவலை!"

ராய்ஸ் மஞ்சள் சுவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "நல்லா... வித்தியாசமா இருக்கும்மா."

"என் வீட்டுக்காரர் பார்த்ததும் 'ஏறு வண்டியில'ன்னு சொல்லணும். சொல்லலைன்னா, இத்தனை வருஷமும் அவர் மீன் பிடிக்கப் போகலை, என்கிட்டேயிருந்து தப்பிக்கப் போயிருக்காருன்னு அர்த்தம்." சிரிக்கப் பார்த்தாள்.

ராய்ஸ் அவள் கையிலிருந்த சுத்தியலை வாங்கிக்கொண்டார். பெஞ்சுக்கு அவரே ஆணி அடித்தார்.

ஐந்துக்கு முன்பே ஆர்லினின் டிரக் வந்தது. சோல்வெய்க் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். டிரக் அவளைத் தாண்டிப் போய், அடுத்த வரிசையில் அச்சு அசலாக இதே போல நின்ற வண்டியருகே நின்றது. ஆர்லின் இறங்கி அதன் கதவைத் திறந்தார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்போ இது யாரு வண்டி?"

"என்னோடதும்மா. இந்த மாடலுக்கெல்லாம் ஒரே சாவிதான் சேரும்." ராய்ஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சொல்லத்தான் வந்தேன். ஆனா, நானும் இதே நாத்தக் கதையைச் சொல்லித்தான் இருபது வருஷமா என் வீட்டுக்காரியை விட்டுட்டுப் போறேன். நாளைக்கு அவளைக் கூட்டிட்டுப் போறேம்மா."