உள்பக்கத் தாழ்ப்பாள்

இருட்டியதும் வாசலில் கரக் கரக் என்று ஒரு சத்தம் கேட்டது. கைக்குழந்தையை இறுக்கிக்கொண்டு ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். நாய்கள் காப்பகத்திலிருந்து கூட்டிவந்த நாய்தான் உள்ளே நின்று கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. அவள் தாழ்ப்பாளில் கை வைத்தாலே நாய் ஊளையிட்டது. மூன்று ராத்திரியாகக் கதவை வெறுமனே சாத்திவைத்து, அவள் தூங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கும் கத்தினா உன்னைத் திருப்பி அனுப்பிடுவாங்க," என்றது தாழ்ப்பாள். "ஏன்பா, நான் உன்னைக் கடிச்சேனா?"

"பழைய வீட்லயும் உன்னை மாதிரி ஒருத்தன் இருந்தான்," என்றது நாய். "அவன் சத்தம் கேட்டா நாலு நாளைக்குச் சோறு கிடையாது. என்னை உள்ள விட்டுட்டு எல்லாரும் ஊருக்குப் போயிடுவாங்க."

"அவன் கதவுக்கு எந்தப் பக்கம் இருந்தான்?"

"வெளிப்பக்கம்."

"நான் உள்பக்கம். என்னைப் போடறவங்க உன்கூடத்தான் இருந்தாகணும்."

நாய் எக்கி, தாழ்ப்பாளை மோந்து பார்த்தது. ஸ்டெல்லாவின் கை வாசனைதான் அதில் இருந்தது. அவளுடைய செருப்பும் உள்ளேதான் கிடந்தது. நாய் முதல்முறையாகக் கதவை விட்டு நகர்ந்து, தொட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது.

ஸ்டெல்லா சத்தமில்லாமல் எழுந்து வந்தாள். நாய் கண்ணை இறுக மூடிக்கொண்டது. அவள் தாழ்ப்பாளைப் போட்டாள்.