எண்பத்தொரு சென்டிமீட்டர்

‘மீன்கள் ஓய்வெடுக்கின்றன. சத்தம் போடாதீர்கள்’ என்ற பலகையைச் சத்தம் வராமல் ஆணியடித்து மாட்டப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார் தூண்டில் போட்டியின் செயலாளர். சுத்தியலுக்குத் துணி சுற்றியிருந்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற படகோட்டி மச்சினன் கொட்டாவி விட்டான்.

"இன்னும் கொஞ்சம் மேல ஏத்தட்டுமா மாப்ளே?"

"மீனுக்குத் தெரியணுமா, மனுஷனுக்குத் தெரியணுமா மாமா?"

"அந்த ஆளுக்குத் தெரியணும்டா!"

அந்த ஆள், தூண்டில் சம்மேளனத்திலிருந்து வந்திருக்கும் அதிகாரி. வந்து இறங்கியதும் அறைக் கட்டிலை அளந்தார், படகை அளந்தார். காலையில் ரொட்டித் துண்டைக்கூட அளந்துவிட்டுத்தான் தின்றார் என்று விடுதியில் சொன்னார்கள். மதியத்துக்குள் ஊர் அவருக்கு ‘அளவுகோல்’ என்று பேர் வைத்துவிட்டது.

ஊரின் இறகுத் தூண்டில் போட்டிக்கு உலக அங்கீகாரம் கிடைக்க அவர் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் போட்டி பக்கத்துக் கரைக்குப் போய்விடும். அங்கே வரவேற்பு வளைவுக்குப் பெயின்ட்டே அடித்தாயிற்று.

போட்டி வளர்ந்த கதையே தனி. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் வந்து, இடுப்பளவு உப்புத் தண்ணீரில் நின்று, நாள் முழுக்கக் கம்பைக் காற்றில் சுழற்றினார். புழு கிடையாது, இறால் கிடையாது. தூண்டில் முள்ளில் இறகைக் கட்டி மீனை ஏமாற்றும் வித்தையாம். கொசு விரட்டுகிறார் என்றுதான் ஊர் நினைத்தது. சாயங்காலம் டீக்கடையில் அவர் இரண்டு கையையும் விரித்து, "இவ்ளோ பெருசு! பாவமா இருந்துச்சு, விட்டுட்டேன்" என்றார்.

அடுத்த வருடம் அந்த மீனைத் தேடி நாலு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வருடம் நாற்பது. இப்போது நானூறு. கையை விரிப்பவர்களுக்கு இடம் போதாமல் டீக்கடைக்காரர் ஒரு பக்கச் சுவரையே இடித்துவிட்டார்.

வேலையில்லாமல் கிடந்த ஐஸ் ஃபாக்டரி மூன்று மாடி விடுதியாயிற்று. அதன் பழைய ஃபோர்மேன்தான் நம் செயலாளர். வலை பின்னிய கொட்டகையில் தொப்பியும் கூலிங் கிளாஸும் விற்றார்கள்.

விதிகளை எழுதியதும் செயலாளரே. பிடித்த மீனை அந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். போட்டோ கூடாது, மீனுக்கு மன உளைச்சல். பிடித்தவர் நீளத்தைச் சொன்னால் போதும், படகோட்டி சாட்சிக் கையெழுத்துப் போடுவான். நிறைவு விருந்துக்குக்கூட மூன்று மணி நேரம் தள்ளியிருக்கும் துறைமுகத்திலிருந்து லாரியில்தான் மீன் வரும். "எங்க பிள்ளைங்கள நாங்களே பொரிச்சுத் திங்கறதா?" என்று போன வருடம் மேடையில் அவர் தழுதழுத்தபோது, முன்வரிசையில் ஓர் அம்மாள் மூக்கைச் சிந்தினார்.

அதே வசனத்தை இப்போது கேட்ட அளவுகோல் மூக்கைச் சிந்தவில்லை. பதிவேட்டைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வெறுங்கையோட திரும்புன ஆளு ஒருத்தர்கூட இல்லையா?"

"எங்க மீனுங்களுக்கு விருந்தாளின்னா உசுருங்க."

"நல்லது. நாளைக்கு நானே தூண்டில் போடறேன். ஒண்ணு மாட்டினா கையெழுத்து. இல்லேன்னா பக்கத்துக் கரை."

மறுநாள் விடிந்ததும் செயலாளர் மச்சினனை ஓரங்கட்டினார்.

"மாப்ளே, உங்கக்கா, அந்த மூணு மாடி, என் மானம் எல்லாம் இன்னிக்கு உன் படகுலதான் இருக்கு. பதமா பேசி, நல்லபடியா கூட்டிட்டு வா."

"அவரு சிரிக்கவே மாட்டேங்கறாரு மாமா. அவர்கிட்ட என்னத்தப் பேசறது?"

"போன வருஷம் மீனே மாட்டாத அந்த வக்கீல்கிட்ட பேசினியே, அப்படிப் பேசு."

பகல் முழுக்கச் செயலாளர் கரையில் நடந்த நடைக்கு மணலில் வாய்க்காலே விழுந்துவிட்டது. மனைவி குடையோடு வந்தாள்.

"கொஞ்சம் உக்காருங்க. மயங்கி விழுந்தீங்கன்னா அந்த மனுஷன் வந்து உங்களையும் அளந்துடுவாரு."

சாயங்காலம் படகு திரும்பியது. அளவுகோல் தொப்பலாக நனைந்திருந்தார். தொப்பியைக் காணோம், ஒரு கால் செருப்பையும் காணோம். கரையில் நானூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒண்ணு" என்றார் கரகரத்த குரலில். "எண்பத்தொரு சென்டிமீட்டர். விட்டுட்டேன்."

கைதட்டலில் விடுதி ஜன்னல்கள் அதிர்ந்தன. அளவுகோல் அங்கேயே காகிதத்தை வாங்கி, முழங்கால்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

செயலாளர் அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு படகுக்கு ஓடினார். மச்சினன் இன்னும் இறங்கவில்லை. துடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஜெயிச்சிட்டோம் மாப்ளே! எண்பதுன்னா யாரும் நம்ப மாட்டாங்கன்னு, கூட ஒண்ணு சேத்துக்கிட்டாரு பாத்தியா? புளுகறதுல நம்ம நானூறு பேரையும் தூக்கிச் சாப்பிட்டுட்டாருடா! என்ன சொல்லி மடக்குன அவர?"

மச்சினன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"நான் ஒண்ணுமே சொல்லல மாமா... நம்ம தண்ணியில மீன் இருக்கு!"